அம்மாச்சியிடம் விட்டுவந்த பிள்ளை

தேனிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்த பெண்கள் பலரிடம் இந்தப் புலம்பலைக் கேட்கலாம். "பால்குடி மறந்த கையோட எங்கம்மாகிட்ட விட்டுட்டு பனியன் கம்பெனிக்கு வந்துட்டேன். கூட்டிட்டு வந்தப்புறமும் ஷிப்டுக்குப் போற அவசரத்துல எத்தனை நாள் அடிச்சிருக்கேன். ஒரு நல்ல சட்டைகூட எடுத்துக் குடுக்கல." மகன் வளர்ந்து வேலைக்குப் போன பிறகும் இது தீர்வதில்லை.

இதில் மூன்று விஷயங்கள் ஒரே மூட்டையாகக் கிடக்கின்றன. பிரித்துப் பார்க்க வேண்டும்.

சட்டை எடுக்காதது கூலி போதாததால். அது அவள் தப்பே இல்லை.

அம்மாச்சியிடம் விட்டதுதான் அவளை அதிகம் அரிக்கிறது. ஹவாயின் கவாய் தீவில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர், ரூத் ஸ்மித் என்ற ஆய்வாளர்கள் நாற்பது வயதுவரை கவனித்து வந்தார்கள். வறுமை, குடும்பச் சண்டை என்று பல கஷ்டங்களுக்கிடையே வளர்ந்த பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாகத் தேறினார்கள். அவர்களுக்குத் துணைநின்றவற்றில் முக்கியமானது, நம்பி ஒட்டிக்கொள்ள ஒருவராவது இருந்தது. அந்த ஒருவர் தாயாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, பாட்டியாகவும் இருந்தார். மற்றவர்களிலும் பெரும்பாலோர் இளமையில் தடுமாறினாலும் நடுவயதுக்குள் நிமிர்ந்துவிட்டார்கள். எந்த முடிவுக்காக அவள் தன்னைத் திட்டிக்கொள்கிறாளோ, அதுவே பிள்ளைக்கு ஓர் ஆளைத் தேடித் தந்திருக்கிறது. பிரிவு வலிக்கவில்லை என்று சொல்லவில்லை. வலித்திருக்கும், இருவருக்கும்.

மிச்சம் இருப்பது அடி. அதற்குக் களைப்பு காரணம்தான். ஆனாலும் பிள்ளைக்குப் பட்டது பட்டதுதான். இங்கே எட்வர்ட் டிரானிக் என்ற உளவியலாளர் கண்டது உதவும். அன்பாக வளர்க்கும் தாயும் கைக்குழந்தையும்கூட சுமார் 30 சதவீத நேரம்தான் ஒருவர் மனதுக்கு ஒருவர் இசைந்திருக்கிறார்கள். மற்ற நேரமெல்லாம் விலகலும் திரும்பச் சேர்தலுமாகப் போகிறது. அப்படித் திரும்பச் சேர்வதில்தான் குழந்தைக்கு நம்பிக்கை வளர்கிறது.

வளர்ந்த பிள்ளையிடமும் திரும்பச் சேரலாம். "நான் பாவி" என்று அழுதால் அவன் அம்மாவைத் தேற்ற ஆரம்பித்துவிடுவான். தன் வலியைச் சொல்ல மாட்டான். "அன்னைக்கு உன்னை அடிச்சது தப்புடா" என்று நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது நல்லது. "ஆமாம்மா, வலிச்சுச்சு" என்று அவன் சொன்னால், குறுக்கே காரணம் சொல்லாமல் கேட்க வேண்டும்.

குற்றவுணர்வோடு தூக்கமின்மை, பசியின்மை, வாழவே பிடிக்காத எண்ணம் சேர்ந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

கஷ்ட காலத்துக் கணக்கையும் பிள்ளையிடம் சொல்லுங்கள்: வாரக்கூலி எவ்வளவு, வட்டிக்குப் போனது எவ்வளவு, ஊருக்கு பஸ் ஏற எத்தனை மாதம் காசு சேர்க்க வேண்டியிருந்தது. அது தெரியாத பிள்ளை, அம்மாவுக்குத் தன்னைப் பிடிக்காததால்தான் விட்டுப்போனாள் என்று இத்தனை வருஷமும் நினைத்திருக்கக்கூடும்.