மாசி மகக் கடைத்தெருவில் மெக்சிகோ

மாசி மகத்தன்று திருமலைராயன்பட்டினம் கடற்கரைக்குப் போகும் வழியெல்லாம் கடைகள்தான். சம்பங்கி மாலை, செண்டுமல்லிச் சரம், மிளகாய் பஜ்ஜி, சுட்ட மக்காச்சோளம், கூறு கட்டி வைத்த கொடுக்காப்புளி. தாவரவியலோ வரலாறோ படிக்கும் மாணவர் ஒருவர் அந்தத் தெருவில் நடந்தால், கூட்டத்தோடு கூட்டமாக ஒரு தொலைதேசத்தையும் பார்க்கலாம். மேலே சொன்ன பொருள்களின் தாவரங்கள் ஐந்துக்கும் மெக்சிகோவே பூர்வீகம்.

இது என்ன விழா?

நாகப்பட்டினம் மாவட்டத்துத் திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள், மீனவர் தலைவரின் மகளான பத்மினியை மணந்தார் என்பது தலபுராணம். அதனால் ஆண்டுதோறும் மாசி மகத்துக்கு அவர் மாமனார் ஊருக்கு வருகிறார். தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டி, புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் காரைக்கால் மாவட்டத்துக்குள் நுழைந்து, திருமலைராயன்பட்டினம் கடற்கரையில் தீர்த்தவாரி காண்கிறார். அங்குள்ள பட்டினச்சேரி மீனவர்கள் அவரை மாப்பிள்ளை சாமியாகவே வரவேற்றுத் தோளில் சுமக்கிறார்கள். சுற்றுவட்டாரப் பெருமாள்களும் அன்று கடலுக்கு வருவதால் ஊரே திருவிழாத் தெருவாகிவிடுகிறது.

கடையில் இருப்பவை எவை?

மக்காச்சோளம்: சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன், தென்மேற்கு மெக்சிகோவின் பால்சாஸ் ஆற்றுப் படுகையில், தியோசிந்தே என்ற காட்டுப்புல்லிலிருந்து மக்கள் வளர்த்தெடுத்த பயிர்.

மிளகாய்: நம் சமையலில் அதிகம் புழங்கும் மிளகாய் இனம் மெக்சிகோவில்தான் முதலில் பயிராக்கப்பட்டது. சங்கப் பாடல்களில் மிளகு உண்டு, மிளகாய் கிடையாது.

செண்டுமல்லி: மெக்சிகோவில் நவம்பர் 1, 2 தேதிகளில் இறந்தோரை நினைத்துப் படையல் வைப்பார்கள். அந்தப் படையலுக்கும் கல்லறைக்கும் உரிய பூ இதுதான். 2008இல் யுனெஸ்கோ இவ்விழாவை மானுடத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. அங்கே முன்னோருக்கு வைக்கும் பூவை இங்கே கல்யாண வாசலில் கட்டுகிறோம். சாமந்தி வேறு பூ. அது சீனத்துப் பக்கம் தோன்றியது.

சம்பங்கி: இப்போது சத்தியமங்கலம் பக்கம் ஏக்கர் கணக்கில் விளைகிறது. ஆனால் மெக்சிகோவில் கற்றாழை போல வளரும் அகேவ் செடிகளின் குடும்பத்தைச் சேர்ந்தது.

கொடுக்காப்புளி: வில்லியம் ராக்ஸ்பரோ 1798இல் சோழமண்டலக் கடற்கரைத் தாவரங்கள் பற்றிய தம் நூலில் இதற்கு அறிவியல் பெயரிட்டார். அதற்கு முன்பே மரம் இந்தக் கரைக்கு வந்து வேரூன்றிவிட்டது.

அதே தெருவில் விற்கும் நிலக்கடலை மட்டும் இந்தக் கணக்கில் வராது. அது தென்னமெரிக்காவைச் சேர்ந்தது.

எந்த வழியாக வந்தன?

வழிகள் இரண்டு. ஒன்று அட்லாண்டிக் வழி. போர்ச்சுகீசியர்கள் 16ஆம் நூற்றாண்டில் மிளகாயை இந்தியாவின் மேற்குக் கரையில் இறக்கினார்கள். பக்கத்து நாகப்பட்டினமும் 1658இல் டச்சுக்காரர்கள் கைப்பற்றும்வரை போர்ச்சுகீசியரிடம்தான் இருந்தது.

மற்றது பசிபிக் வழி. 1565 முதல் 1815 வரை ஸ்பானியக் கப்பல்கள் மெக்சிகோவின் அகபுல்கோவுக்கும் பிலிப்பைன்ஸின் மணிலாவுக்கும் இடையே ஓடின. கொடுக்காப்புளி அவ்வழியே ஆசியாவுக்கு வந்தது. சென்னையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் சோழமண்டலத்துத் துணிகள் மணிலாவுக்குப் போயின. பிற ஐரோப்பியர் மணிலாவில் வணிகம் செய்ய ஸ்பெயின் தடை விதித்திருந்ததால், அவர்கள் ஆர்மேனியர், இந்தியர் பெயர்களில் சரக்கு அனுப்பினார்கள். திரும்பும் கப்பலில் வெள்ளி வந்தது. 1535இல் நிறுவப்பட்ட மெக்சிகோ நாணயச்சாலையின் ரியால்கள் இங்கே உருக்கப்பட்டு ரூபாய்களாயின. காரைக்கால் 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தபோது இந்த வணிகம் நடந்துகொண்டுதான் இருந்தது.

நாம் என்ன கொடுத்தோம்?

ஆனி மாதம் காரைக்கால் மாங்கனித் திருவிழாவில் மாடியிலிருந்து மாம்பழம் வீசுகிறார்களே, அந்தப் பழம் மணிலாக் கப்பலில் மெக்சிகோ போனது. அங்கே ஒரு ரகத்துக்கு இன்றும் மணிலா என்றே பெயர். இன்று மாம்பழ ஏற்றுமதியில் மெக்சிகோ முன்வரிசை நாடு. எலுமிச்சை இனங்களும் ஆசியாவில் தோன்றி, ஸ்பானியர் கையால் அமெரிக்கா போனவை. ஆகவே சுட்ட சோளத்தில் எலுமிச்சையும் உப்பும் மிளகாய்த்தூளும் தேய்த்துத் தருவதில் இரு கரைகளின் சரக்கும் கலந்திருக்கிறது. மெக்சிகோ தெருக்களிலும் சோளத்தை இப்படி எலுமிச்சையும் மிளகாயும் சேர்த்துத்தான் விற்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் இடம் கிடைத்ததா?

இல்லை. இங்கேதான் மாணவர் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. திருக்கண்ணபுரத்தின் பெயர்பெற்ற பிரசாதமான முனியோதரன் பொங்கல் அரிசி, பாசிப்பருப்பு, நெய் கொண்டு செய்வது. மெக்சிகோவிலிருந்து வந்த எதற்கும் அதில் வேலையில்லை. பல பெருமாள் கோயில்களின் மடைப்பள்ளிகளில் காரத்துக்கு இன்றும் மிளகுதான். மிளகாயும் தக்காளியும் உள்ளே வருவதில்லை. ஆனால் மாலையில் சம்பங்கிக்கு இடம் கிடைத்திருக்கிறது. பூவை ஏற்ற மரபு, காயை வாசலிலேயே நிறுத்தியிருக்கிறது.

மரபு என்றால் எதுவும் மாறாதது என்பதும் தவறு. வருவதையெல்லாம் வாரிக்கொள்வது என்பதும் தவறு. எதை, எந்த இடம்வரை அனுமதிப்பது என்று அது தேர்ந்தெடுக்கிறது. நம் சாப்பாடு 500 ஆண்டுகளுக்கு முன் எப்படி இருந்தது என்று அறிய விரும்பும் மாணவர், மடைப்பள்ளிப் பட்டியலையும் கடைத்தெருப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கலாம்.