பதினொன்றேகால் மணிக் கையெழுத்து

பெங்களூரின் கிழக்குப் பகுதியில், தமிழ் பேசும் வாடிக்கையாளர்கள் மிகுந்த எங்கள் கிளைக்குச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காலையில் ஓய்வூதியர் ஒருவர் தம் மனைவியுடன் வந்தார். தொழிற்சாலை ஒன்றின் வரைபடப் பிரிவில் பணியாற்றியவர். பணம் எடுக்கும் படிவத்தில் அவர் இட்ட கையெழுத்து, கணினித் திரையில் இருந்த மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை. மீண்டும் இடச் சொன்னோம். இரண்டாவது, முதலாவதைவிடச் சிறியதாக வந்தது. மூன்றாவது எறும்பு ஊர்ந்த தடம்போல் இருந்தது. வரிசையில் நின்றோர் முணுமுணுத்தனர். நாளை வருமாறு சொல்லிவிடலாம் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டிருக்கையில், அவர் மனைவி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னார்: "சார், பத்தரைக்குத்தான் மாத்திரை போட்டார். கொஞ்சம் உட்காரட்டும். பதினொன்றேகாலுக்குக் கையெழுத்து வந்துவிடும்."

வந்தது. யாருடைய துணையும் இன்றி எழுந்து, கவுன்ட்டர் வரை நடந்து, வரைபடக்காரருக்கே உரிய நேர்த்தியோடு கையெழுத்திட்டார். "அப்படியானால் முதலில் நடித்தாரா?" என்று இளம் அலுவலர் ஒருவர் எங்கள் காதோடு கேட்டார். அந்த ஐயம் எங்களுக்கும் ஒரு கணம் எழுந்தது என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம். இன்னொரு நாள் அதே பெரியவர் தோளும் தலையும் நெளிந்தாட வந்தபோது, குடித்திருக்கிறார் என்று எண்ணி எங்கள் காவலர் வாசலிலேயே நிறுத்திவிட்டார். இறுக்கம் நோயினால், அந்த ஆட்டமோ மருந்தினால். இவ்விரண்டையும் பிரித்தறிய எங்களுக்குச் சில மாதங்கள் ஆயின.

1817-இல் இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்த நடுக்குவாதத்தில், மூளையில் டோபமின் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் படிப்படியாக அழிகின்றன. டோபமினையே மாத்திரையாகக் கொடுத்தால் அது மூளைக்குள் நுழையாது. மூளைக்குள் நுழைந்து டோபமினாக மாறும் லெவோடோபாவே இன்றும் முதன்மையான மருந்து. அதன் கதையில் நம் ஊருக்கும் ஒரு பக்கம் உண்டு. பூனைக்காலி விதையில் அப்பொருள் இருப்பதை 1937-இல் பிரித்தெடுத்துக் காட்டியவர்கள் சென்னையில் ஆய்வு செய்த தாமோதரனும் இராமசாமியும். அது நடுக்குவாதத்துக்கான மருந்தாக நிலைபெற மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின. 1967-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்சியாஸ் அதனைப் பேரளவில் கொடுத்துப் பயன் கண்டார்.

தொடக்க ஆண்டுகளில் மாத்திரை நாள் முழுவதும் சீராக உதவுகிறது. பின்னர் ஏன் ஏமாற்றுகிறது? எங்கள் தொழில்மொழியில் சொன்னால் எளிதில் விளங்கும். எஞ்சியிருக்கும் நரம்பணுக்கள் ஒரு சேமிப்புக் கணக்கைப்போல் டோபமினை இருப்பு வைத்து, வேண்டும்போது வேண்டிய அளவு வழங்குகின்றன. அவை குறையக் குறைய இருப்பும் கரைகிறது. அதன்பின் வாழ்க்கை அன்றாடக் கூலியைப்போல் ஆகிவிடுகிறது. இரத்தத்தில் மருந்து ஏறினால் உடல் இயங்கும், இறங்கினால் நின்றுவிடும். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் இரத்தத்திலுள்ள லெவோடோபா பாதியாகக் குறைந்துவிடுகிறது. அளவு மிகும்போது கைகால்கள் தாமே ஆடுகின்றன. அளவைக் கூட்டினால் ஆட்டம், குறைத்தால் இறுக்கம் என்ற இக்கட்டில், மருத்துவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அளவையும் நேரத்தையும் வகுக்க வேண்டியிருக்கிறது.

உணவும் குறுக்கே வருகிறது. புரதம் செரித்து உண்டாகும் அமினோ அமிலங்கள், குடலிலும் மூளையின் வாயிலிலும் லெவோடோபாவோடு போட்டியிடுகின்றன. பருப்பும் தயிரும் மிகுந்த மதிய உணவுக்குப் பின் இரண்டு மணி மாத்திரை பிடிக்காமலே போகலாம். உணவுக்கு அரை மணி முன்போ ஒரு மணி பின்போ மாத்திரை கொள்ளுமாறு மருத்துவர்கள் கூறுவது இதனால்தான். மலச்சிக்கலும், இரைப்பை மெதுவாகக் காலியாவதும் இந்நோயிலேயே உள்ள குறைகள். அவையும் மருந்தைத் தாமதப்படுத்தும். ஓசூர் சாலையிலுள்ள நிமான்ஸ் மருத்துவமனைக்குக் கிருஷ்ணகிரி, சேலம் பக்கங்களிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டு வருவோருக்கு இக்கணக்கு எவ்வளவு கடினம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சில்க் போர்டு சந்திப்பின் நெரிசல் மாத்திரையின் நேரத்தை மதிப்பதில்லை.

இயற்கையானது என்று நம்பிப் பூனைக்காலிப் பொடியைத் தாமே சேர்த்துக்கொள்வோரும் உண்டு. அதிலிருப்பதும் லெவோடோபாவே, பொடிக்குப் பொடி அளவு வேறுபடும். மருத்துவர் அறியாமல் சேர்த்தால் இருக்கும் ஒழுங்கும் குலையும். மாத்திரையைத் திடீரென நிறுத்துவதோ அதனினும் ஆபத்தானது.

வங்கியாளர் என்ற முறையில் எங்களுக்குக் கவலை தரும் இன்னொன்றும் உண்டு. பிராமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற, டோபமினைப்போலவே செயல்படும் மருந்துகள் சிலருக்கு அடக்கவியலாத உந்துதலைத் தூண்டுகின்றன. வாழ்நாள் முழுதும் சிக்கனமாக இருந்தவர் நள்ளிரவில் கைப்பேசியில் பந்தயம் கட்டுவார். தேவையற்ற பொருள்களை வாங்கிக் குவிப்பார். இது ஒழுக்கக் கேடன்று, மருந்தின் விளைவு. மருத்துவர் அளவைக் குறைத்தோ மாற்றியோ கொடுத்தால் பெரும்பாலும் தணிகிறது. ஆனால் வெட்கத்தால் நோயாளி மறைக்கிறார். குடும்பம் அறிவதற்குள் வைப்புத்தொகை கரைந்துவிடுகிறது. ஆகவே மருந்து தொடங்கும்போதே, அவருடைய இசைவோடு, இணையவழிப் பரிவர்த்தனைக்கு உச்சவரம்பு வைத்து, குறுஞ்செய்தி அறிவிப்புகள் துணைவருக்கும் தெரியுமாறு செய்துகொள்வது நன்று.

கையெழுத்துக்கும் வழிகள் உண்டு. கணக்கைத் துணைவரோடு கூட்டாக மாற்றி, இருவரில் எவரும் இயக்கலாம் என்று பதியலாம். கையெழுத்திடவே இயலாதபோது, வங்கி அறிந்த இரு சாட்சிகள் முன் பெருவிரல் ரேகை வைக்கலாம். அவர்களுள் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அலுவலராக இருத்தல் வேண்டும். 70 வயதைக் கடந்தோருக்கும், மருத்துவச் சான்றுள்ள நாள்பட்ட நோயாளிகளுக்கும் வீடு தேடி அடிப்படைச் சேவைகளை வழங்க வங்கிகள் முயல வேண்டும் என்று 2017 நவம்பரில் ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பார்க்கின்சன் நோயைத் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. கிளை மேலாளரிடம் நோயைச் சொல்லி வைக்கத் தயங்க வேண்டாம். சொல்லாதவரையில் எங்களுக்குத் தெரிவது பொருந்தாத ஒரு கையெழுத்து மட்டுமே.

வரைபடக்காரரின் மனைவி ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறார். மாத்திரை நேரம், உணவு, நிலை என மூன்று பத்திகள். நிலைக்கு 'நன்று', 'இறுக்கம்', 'ஆட்டம்' என மூன்றே சொற்கள். எங்கள் பேரேடுகளைவிட ஒழுங்கானது. மருத்துவர் அதைப் பார்த்தே நேரங்களை மாற்றுகிறாராம். ஆயினும் ஒரே நேரம், ஒரே மாத்திரை, ஒரே இட்லி இருந்தும் திங்கட்கிழமை 'நன்று', செவ்வாய்க்கிழமை 'இறுக்கம்' என்ற பதிவுகள் அதில் பல உள்ளன.

சென்ற மாதம் அவர்கள் வந்தபோது பன்னிரண்டு மணியாகியும் கையெழுத்து வரவில்லை. அம்மையார் குறிப்பேட்டைப் புரட்டினார், காரணம் அகப்படவில்லை. முன்பு ஐயுற்ற அதே அலுவலர் மைப்பெட்டியை எடுத்து வந்து அருகில் அமர்ந்தார். பெரியவர் மெல்லத் தலையசைத்து மறுத்துவிட்டார். நாங்கள் மற்ற வேலைகளைப் பார்த்தோம். பன்னிரண்டே முக்காலுக்கு எழுந்து வந்து கையெழுத்திட்டார்.