டீசல் காரா, பெட்ரோல் காரா? ஓடும் தூரமே முடிவு செய்யட்டும்!

டிராக்டருக்கும் பம்ப்செட்டுக்கும் டீசல் ஊற்றிப் பழகிய விவசாயிகள் பலர், கார் வாங்கும்போதும் டீசலையே தேடுகிறார்கள். ‘விலை குறைவு, மைலேஜ் அதிகம்’ என்ற கணக்கு ஒருகாலத்தில் சரிதான். ஆனால், 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு முழுமையாக நீக்கப்பட்டது. முன்பிருந்த பெரிய விலை வித்தியாசம் இப்போது இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். லிட்டர் டீசல் 92 ரூபாய், பெட்ரோல் 101 ரூபாய் என்று எடுத்துக்கொள்வோம். டீசல் கார் லிட்டருக்கு 20 கி.மீ, பெட்ரோல் கார் 16 கி.மீ ஓடுவதாக வைத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்கு மிச்சம் சுமார் 1 ரூபாய் 70 பைசா. டீசல் காருக்குக் கூடுதலாகக் கொடுப்பது 1.5 லட்சம் ரூபாய் என்றால், அதை எடுக்கவே 88,000 கி.மீ ஓட வேண்டும். ஆண்டுக்கு 8,000 கி.மீ ஓட்டுபவருக்கு 11 ஆண்டுகள் ஆகும்!

இன்னொரு சிக்கலும் உண்டு. 2020 ஏப்ரலில் பி.எஸ்-6 விதி வந்தபின், டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர் இருக்கிறது. அந்தக் கரி எரிந்து சுத்தமாக, வண்டி நன்கு சூடேறி, சீரான வேகத்தில் ஓட வேண்டும். தோட்டம், உரக்கடை, உழவர் சந்தை என 3, 4 கி.மீ மட்டுமே ஓடினால் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும், செலவு வைக்கும்.

அடிக்கடி வெளியூர் மண்டிக்கு நெடுஞ்சாலையில் போய் வருபவர்களுக்கு டீசல் இன்றும் லாபம்தான். மற்றவர்கள், ஓராண்டில் எவ்வளவு தூரம் ஓட்டுகிறோம் என்று எழுதி வைத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போவது நல்லது.