கப்சூலுக்குள்ளும் கறுக்கும் வெள்ளி

பிளாஸ்ரிக் கப்சூலுக்குள் போட்டு மூடிய வெள்ளி நாணயக் குற்றி ஏன் கறுத்தது என்று கேட்டீர்கள். தேத்தண்ணியைக் குடியுங்கோ, ஆறுதலாகச் சொல்கிறேன்.

வெள்ளியைக் கறுக்க வைப்பது காற்றில் இருக்கிற கந்தகம். ஐதரசன் சல்பைட்டு மிகச் சொற்பம் இருந்தாலே போதும், மேற்பரப்பில் படலம் பிடிக்கும். முதலில் விளிம்பில் மஞ்சள், பிறகு ஊதா, நீலம், கடைசியில் கறுப்பு. ஈரம் அதை வேகப்படுத்தும். கார்த்திகை, மார்கழி மழைக்கு எங்கட நெடுங்கேணியில் அலுமாரிக்குள் இருக்கிற உடுப்பிலேயே பூஞ்சணம் பிடிக்கிறது. கப்சூல் உரசலையும் விரல் படுவதையும்தான் தடுக்கும். அழுத்தி மூடுகிற இரண்டு பாதிக்கும் நடுவால் காற்றுப் போய்வரும். மழைநாளில் மூடினால் ஈரத்தையும் சேர்த்துத்தான் மூடுகிறோம்.

ஈரத்தைவிடப் பொல்லாதது பிவிசி என்ற பிளாஸ்ரிக். அக்கிரிலிக், பொலிஸ்ரைரீன் கப்சூல்களால் வெள்ளிக்குக் கேடில்லை. வளைந்து கொடுக்கிற, புதிதில் மணக்கிற மெல்லிய உறைதான் பெரும்பாலும் பிவிசி. அதை இளக்கச் சேர்த்த எண்ணெய்ப்பசை நாளடைவில் கசியும், பிளாஸ்ரிக் சிதையச் சிதைய அமிலமும் வரும். தகரக் கூரைச் சூட்டில் எல்லாம் விரைவு. 1957இல் புத்த ஜயந்திக்கு வெளியான 5 ரூபாக் குற்றியில் 92.5 வீதம் வெள்ளி, மிச்சம் செம்பு. அப்படியொன்று பிவிசி உறையில் கிடந்தால், வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்: எழுத்துகளின் இடுக்கில் பச்சையாக ஒரு பிசுபிசுப்பு. அது செம்பு கொடுத்த பச்சை. சுத்தமான அசிற்றோனில் ஊறவைத்தால் பசை கழரும், தேய்க்கக் கூடாது. அசிற்றோன் கப்சூலில் பட்டால் கப்சூலே கரைந்துவிடும்.

கனடாச் சொந்தங்கள் கொடுத்த மேப்பிள் இலைக் குற்றியில் வெள்ளைப் புள்ளி கண்டால் கப்சூலைக் குறை சொல்லாதீர்கள். அது அச்சடிப்பில் இருந்தே வருவது. அதைக் குறைக்க அந்நாட்டு நாணயசாலை 2018இல் தனியாக ஒரு மேற்பூச்சு முறையையே கொண்டுவந்தது.

திருநீறும் புளியும் குத்துவிளக்குக்குச் சரி, காசுக்கு வேண்டாம். ஒருமுறை தேய்த்த கீறல் திரும்ப மறையாது, சேகரிப்பவர் கண்ணுக்கு உடனே தெரியும். போர்க்கால இடப்பெயர்வில் மண்ணுக்குள் தாட்டு வைத்து எடுத்த காசென்றால் அந்தக் கறுப்பையும் அப்படியே விடுங்கோ. அதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. நன்றாகக் காயவிட்டு, விளிம்பில் பிடித்து, அளவான அக்கிரிலிக் கப்சூலில் வையுங்கோ. கப்சூல்களை இறுக்கமாக மூடும் டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போடுங்கோ. றப்பர் வளையமும் பழைய பேப்பரும் அதற்குள் வேண்டாம், றப்பரில் கந்தகம் இருக்கிறது. மாரி தொடங்க முன்னம் பொட்டலத்தை மாற்றினால் போதும்.