கிடை அமரும் கரிசல்

நான்குவழிச் சாலையில் மதுரைக்கும் நெல்லைக்கும் விரைகிறவர்கள் சாத்தூரில் இறங்கி, காராச்சேவு வாங்கிக்கொண்டு வைப்பாற்றுப் பாலத்தைக் கடந்துவிடுகிறார்கள். அவர்களை ஒரே ஒரு காலை கிழக்கே திரும்பச் சொல்வேன். இருக்கன்குடிச் சாலை அது. வைப்பாறும் அர்ச்சுனா நதியும் கூடும் இடத்தில் மாரியம்மன் கோயில். ஆடிக் கடைசி வெள்ளியன்று நடந்தே வருகிற கூட்டத்தில் சாலை தெரியாது. மற்ற நாட்களில் இருபுறமும் கரிசல்தான்: பருத்தி, மக்காச்சோளம், உளுந்து, இடையிடையே பனை.

அங்கிருந்து தெற்கே எட்டயபுரம். 1882இல் பாரதி பிறந்த ஊர். 1947இல் ராஜாஜி திறந்துவைத்த மணிமண்டபம் அங்கே இருக்கிறது. அங்கிருந்து மதுரைச் சாலையில் வடக்கே திரும்பினால் மேலக்கரந்தை, வேம்பூர். இந்த வட்டாரத்துக்கே உரிய செம்மறி இனம் வேம்பூர் ஆடு. வெள்ளை உடம்பில் செம்பழுப்புத் திட்டுகள் இருப்பதால் பொட்டு ஆடு என்கிறார்கள். உயரமான ஆடு, தொங்கும் காது. கிடாவுக்குக் கொம்பு உண்டு, பெட்டைக்கு இல்லை. கம்பளிக்கு ஆகாது. கறிக்கும் கிடை போடவும்தான்.

இந்தப் பயணத்தில் என் மனம் நிற்பது கிடையில்தான். அறுவடை முடிந்த புஞ்சையில் பகலெல்லாம் தாளும் சருகும் மேய்ந்த மந்தையை, இரவில் அதே மண்ணில் அடைக்கிறார்கள். சுற்றிலும் வலையோ படலோ, குட்டிகளுக்குத் தனிக்கூடு, காவலுக்கு ஆளும் நாயும். புழுக்கையும் மூத்திரமும் விழுந்த இடத்தை விட்டு மறுநாள் கிடை நகரும். இப்படியே புஞ்சை முழுக்க எரு ஏறும். நிலத்துக்காரர் ராத்திரிக் கணக்கில் பணமோ தானியமோ கொடுப்பார். ஆட்டு எரு அவ்வருசம், மாட்டு எரு மறுவருசம் என்று சம்சாரிகள் சொல்வது அனுபவக் கணக்கு. கி.ராஜநாராயணன் ஒரு குறுநாவலுக்கே ‘கிடை’ என்று பெயர் வைத்தார். அவருடைய ஊரான இடைசெவல் கோவில்பட்டிக்குப் பக்கம்தான்.

உர மூட்டை வந்தபிறகும் கிடை அழியவில்லை. மேய்ச்சலுக்குத்தான் இடம் குறைகிறது. தரிசில் வேலி விழுந்து மனையாகிவிட்டால் ஆடு எங்கே போகும்? மேய்ப்பர்களான கீதாரிகள் மந்தையைத் தார்ச்சாலையில் ஓட்டிப்போவது வேறு வழியில்லாமல்தான். எதிரே மந்தை வந்தால் ஆரன் அடிக்காதீர்கள். மிரண்ட ஆடு சிதறும், சினையாடு விழும். வண்டியை ஓரம்கட்டி அணைத்துவிட்டுக் காத்திருங்கள்.

மாசி, பங்குனியில் போங்கள். மழைக்காலக் கரிசலில் கால் புதையும், கிடையும் அமராது. பாரதி மண்டபத்துக்கு வழிகாட்டிப் பலகை உண்டு. நகர்ந்துகொண்டே இருக்கும் கிடைக்குக் கிடையாது. எந்த ஊர் டீக்கடையிலும் கேளுங்கள், இந்த வாரம் எந்தப் புஞ்சை என்று சொல்வார்கள்.