சாதுவான சிப்பாய்கள்

வீட்டுக்குள் திருடன் புகுந்துவிட்டால் என்ன செய்வோம்? கூச்சல் போட்டு ஊரைக் கூட்டுவோம். நம் இரத்தத்திலும் அதேதான் நடக்கிறது. கிருமி ஒன்று உள்ளே வந்ததும் வெள்ளையணுக்கள் சிலிர்த்தெழுந்து போருக்குப் புறப்படுகின்றன. அந்தப் படைக்கு உத்தரவு போடும் சேனாதிபதிகளுக்கு 'சி.டி.4' அணுக்கள் என்று பெயர்.

எச்.ஐ.வி. கிருமியின் சாமர்த்தியம் என்ன தெரியுமா? அது நேராகச் சேனாதிபதியின் கூடாரத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்கிறது! அதிலும், சும்மா இருக்கும் அணுவைவிடச் சண்டைக்கு எழுந்த அணுவில்தான் அது சுலபமாகப் பெருகும். ஆகவே, போர் மும்முரமாக ஆகக் கிருமிக்குத்தான் கொண்டாட்டம்.

பெரியவர்கள் உடலில் இக்கிருமி முதலில் வெகுவாகப் பெருகினாலும், 'சி.டி.8' என்னும் வேறு அணுக்களின் தாக்குதலால் சில மாதங்களில் ஓரளவு அடங்கிவிடும். கைக்குழந்தையிடம் அப்படி இல்லை. தாயின் வயிற்றில் இருந்தபோது, தாயின் அணுக்களோடு சமாதானமாக வாழப் பழகியவை அதன் வெள்ளையணுக்கள். பிறந்த பிறகும் அந்தச் சாதுத்தனம் சட்டென்று போய்விடுவதில்லை. கிருமியை அடக்கவும் முடியாமல், சும்மா இருக்கவும் முடியாமல் அவை ஓயாமல் பதறித் தேய்ந்து போகின்றன. மருந்து கொடுக்காவிட்டால், இத்தகைய குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப் பேர் இரண்டு வயதுக்குள் இறந்துவிடுகிறார்கள்.

ஆனால் ஓர் அதிசயத்தையும் கேளுங்கள். தென்னாப்பிரிக்காவில், தாயிடமிருந்து தொற்றுப் பெற்று, மருந்து சாப்பிடாமலே ஐந்து வயதைத் தாண்டி நலமாக இருந்த 170 குழந்தைகளை ஆராய்ந்தார்கள். 2016-ல் முடிவு வெளியாயிற்று. இரத்தத்தில் கிருமி குறைவாக இருந்திருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை, ஏராளமாக இருந்தது! ஆனால் அணுக்கள் பதறவே இல்லை, சி.டி.4 எண்ணிக்கையும் குறையவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவின் சூட்டி மாங்கபே என்ற குரங்கும், எச்.ஐ.வி.க்கு உறவான ஒரு கிருமியோடு இப்படித்தான் நோயின்றி வாழ்கிறது.

எனினும் இந்தப் பாக்கியசாலிகள் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர்தான். மற்றவர்களுக்கு?

அதற்கும் தென்னாப்பிரிக்காவே வழி காட்டிற்று. 2008-ல் வெளியான ஆராய்ச்சியில், சி.டி.4 குறையட்டும் என்று மருந்தைத் தள்ளிப்போட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 16 பேர் இறந்தார்கள். மூன்று மாதத்துக்குள் மருந்து தொடங்கியவர்களில் இறந்தவர்கள் 4 பேரே. மார்பெலும்புக்குப் பின்னால் 'தைமஸ்' என்ற சுரப்பி இருக்கிறது. புதுச் சிப்பாய்களைப் பழக்கி அனுப்பும் பாசறை அது. வயது ஏற ஏறச் சுருங்கிவிடும் இந்தச் சுரப்பி, குழந்தைகளிடம் பெரிதாகவும் சுறுசுறுப்பாகவும் இருக்கிறது. மருந்து கிருமியைக் கட்டிப்போட்டால், இழந்த படையை அது மறுபடி திரட்டிவிடும்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். தாயின் எதிர்ப்புப் பொருள்கள் குழந்தையின் இரத்தத்தில் பதினெட்டு மாதம் வரைகூடத் தங்கலாம். அதனால் பெரியவர்களுக்குச் செய்யும் சாதாரணப் பரிசோதனை பச்சைக் குழந்தைக்கு உதவாது. கிருமியையே தேடும் பரிசோதனையை ஆறாவது வாரத்திலேயே செய்துவிட வேண்டும். கர்ப்ப காலத்திலேயே தாய் மருந்து சாப்பிட்டு வந்தால், பெரும்பாலான குழந்தைகளுக்கு அந்தப் போரே வராது!