மாமன் சொத்து யாருக்கு?

கன்னியாகுமரிக்கு அருகே, கடலோரத்தில் நிற்கிறது வட்டக்கோட்டை. இதைப் பலப்படுத்திய மன்னர் மார்த்தாண்ட வர்மா. 1729-ல் அவர் அரியணை ஏறியது எப்படி? முந்தைய மன்னரின் மகனாக அல்ல; மருமகனாக, அதாவது சகோதரியின் மகனாக!

இந்த வழக்கம் அரண்மனையோடு நிற்கவில்லை. நாஞ்சில் நாட்டு வேளாளர் வீடுகளிலும் இருந்தது. தந்தை இறந்தால், சொத்து அவருடைய அக்காள் தங்கை பிள்ளைகளுக்குப் போகும். கூட உழைத்த மனைவிக்கும், பெற்ற மக்களுக்கும் ‘உகந்துடைமை’ என்ற சிறு பங்குதான்!

தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இதைக் கண்டு மனம் நொந்தார். ‘மருமக்கள் வழி மான்மியம்’ பாடினார். ஒருவருக்கு ஐந்தாம் மனைவியாக வாழ்க்கைப்பட்ட பெண், தன் கதையைச் சொல்லி அழும் நூல் அது. 1926-ல் திருவிதாங்கூரில் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்தது.

இன்று நிலை என்ன?

கணவர் உயில் எழுதாமல் இறந்தால்?

1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுச் சட்டப்படி, அவர் சுயமாகச் சம்பாதித்த சொத்தில் மனைவி, மகன், மகள், தாய் எல்லோருக்கும் சம பங்கு உண்டு.

மனைவி இருக்க, விவாகரத்து ஆகாமல், இன்னொருத்தியை மணந்தால்?

இந்துக்களுக்கு அந்தத் திருமணம் செல்லாது. அது குற்றமும் ஆகும். 7 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையா?

பெண்களுக்கும், காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். தொலைபேசி எண் 15100.

உரிமை இருந்தால் மட்டும் போதாது. அதைக் கேட்கவும் தெரிய வேண்டும்!